கூலியும் கொள்கையும்

“கொள்கையை எடுத்துரைக்கக் கூலியா? மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்கிக்கொண்டு சமுதாயச் சீர்திருத்தம் பேசுவதா?”

இப்படிக் கேட்போர் இன்று பலர். மாற்றாரும் கேட்கின்றனர், நம்மவரும் கேட்கின்றனர். மாற்றார் கேட்பது ஏளனத்துக்காக. நம்மவர் கேட்பது ஏக்கத்தால். சுவரெழுத்து எழுதி, சொந்தக் காசில் துண்டறிக்கை அடித்து, சோறும் தூக்கமும் மறந்து கழகம் வளர்த்த நாட்களை அவர்கள் எண்ணிப் பார்க்கின்றனர். இன்றைய இளைஞரோ கல்லூரியைவிட்டு வெளிவந்த கையோடு இணைய ஏட்டிலும், காணொளி நிலையத்திலும், அரசியல் அமைப்புகளின் செய்திப் பிரிவிலும் சம்பளத்துக்கு அமர்கின்றனர். அதைக் கண்டு பெருமூச்சு விடுகின்றனர் பெரியவர்கள்.

பெருமூச்சு தேவையில்லை, தோழர்களே! பகுத்தறிவாளனுக்கும் பசி உண்டு. வீட்டு வாடகைக்காரர் நம் கொள்கையைப் பார்த்து வாடகையைத் தள்ளுபடி செய்வதில்லை. பகலெல்லாம் வேறு எங்கோ உழைத்துவிட்டு, எஞ்சிய இரவில் மட்டுமே எழுத வேண்டும் என்றால், எழுதுகோல் வசதி படைத்தோரின் கைக்கே போய்ச் சேரும். ஆகவே சம்பளம் வாங்கலாமா என்ற வழக்கை இத்துடன் முடித்துவிடலாம். கேட்கத்தக்க கேள்விகள் வேறு மூன்று. யாரிடம் வாங்குகிறோம்? வாங்கிய பிறகு எதைச் சொல்ல முடியாமற் போகிறது? சொல்வதற்குச் சான்று எங்கே?

இம்மூன்றுக்கும் விடை தேடுவோர் கையில் எடுக்க வேண்டிய நூல் ஒன்றுண்டு. அமெரிக்கக் கறுப்பின மாதரசி ஐடா பி. வெல்ஸ் எழுதிய தன்வரலாறு அது. ஆங்கிலத்தில் ‘குருசேட் பார் ஜஸ்டிஸ்’ என்று பெயர். தமிழில் ‘நீதிக்கான அறப்போர்’ எனலாம். 1928இல் எழுதத் தொடங்கினார், 1931இல் மறைந்தார். அவர் மகள் அல்பிரெடா டஸ்டர் பதிப்பிக்க, 1970இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. கையெழுத்துப் படி ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோகிறது.

நூல் பிறந்த காரணத்தை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். இளம்பெண்கள் கூடிய கூட்டமொன்றில், பிரெஞ்சு நாட்டு வீராங்கனை ஜோன் ஆப் ஆர்க்கைப் போன்ற ஒருவரை ஒவ்வொருவரும் கூற வேண்டும் என்றார்களாம். அங்கிருந்த ஒரே கறுப்பினப் பெண், ஐடா வெல்சின் பெயரைச் சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். அவளால் சொல்ல முடியவில்லை! வயது 25; பெயர் தெரியும்; பெயருக்குரியவர் செய்த செயல் தெரியாது. அந்தப் பெண் வந்து கேட்டதால் எழுதப்பட்டது இந்நூல். தலைவர்களின் பெயரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அவர்கள் செய்ததைச் சொல்லத் தெரியாமல் விழிக்கும் இளைஞர் கூட்டம் எல்லா நாட்டிலும் உண்டு என்பதற்கு இந்த முன்னுரையே சாட்சி.

ஆசிரியை ஏட்டாசிரியர் ஆனார்

1862இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹோலி ஸ்பிரிங்ஸ் ஊரில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் ஐடா. 1878இல் மஞ்சள் காய்ச்சல் ஊரைச் சூறையாடியது. தாய், தந்தை, கைக்குழந்தையாக இருந்த தம்பி — மூவரும் மாண்டனர். எஞ்சிய குழந்தைகளை ஆளுக்கொரு வீட்டில் பிரித்து வைக்கலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். 16 வயது ஐடா மறுத்தார். பாவாடையை நீட்டித் தைத்துப் பெரியவளாகத் தோற்றம் காட்டி, நாட்டுப்புறப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். மாதம் 25 டாலர். வார இறுதியில் கோவேறு கழுதை மீதேறி வீடு திரும்புவார்.

பின்னர் மெம்பிஸ் நகரம் வந்தார். இரயிலில் மகளிர் பெட்டியிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டார்; கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார்; கீழ்மன்றத்தில் 500 டாலர் தீர்ப்புப் பெற்றார்; 1887இல் மாநில உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிற்று. இந்த அனுபவத்தைச் சிற்றேடுகளில் எழுதத் தொடங்கியவர், ‘அயோலா’ என்ற புனைபெயரில் புகழ் பெற்றார். எழுத்து அப்போது அவருக்குப் பகுதிநேரம்; வயிற்றுக்கு வழி வகுப்பறை. ஆசிரியத் தொழிலில் அவருக்கு நாட்டமில்லை; ஆனாலும் கடமையில் குறை வைத்ததில்லை என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். கரும்பலகைக்கு முன் நிற்கும் என்னைப் போன்றோருக்கு இந்த நேர்மை சற்றே சுடத்தான் செய்கிறது!

1889இல் மெம்பிசில் நடந்துவந்த ‘பிரீ ஸ்பீச்’ என்னும் ஏட்டில் சேர அழைப்பு வந்தது. எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவர் சேரவில்லை. ஏற்கெனவே இருந்த இரு பங்காளிகளுக்குச் சமமானவளாகவே வருவேன் என்று கூறி, மூன்றில் ஒரு பங்கை விலைக்கு வாங்கி ஆசிரியரானார். கறுப்பினப் பெண்ணை மூன்றாந்தர மனிதப் பிறவியாகவும் எண்ணாத நாட்டில் இது நடந்தது. வேலைக்குச் சேருமுன்னரே தன் இடம் எது என்பதைப் பேசி முடித்துக்கொண்டார் என்பதை நம் இளைஞர்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

1891இல் சோதனை வந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டடங்களின் கேட்டையும், தகுதியின்றித் தகாத செல்வாக்கினால் ஆசிரியப் பணி பெற்றோரின் நிலையையும் ‘பிரீ ஸ்பீச்’ கண்டித்தது. கண்டித்தவர் அதே பள்ளிக் குழுவிடம் சம்பளம் வாங்கும் ஆசிரியை! அடுத்த பள்ளியாண்டுக்கு அவர் பெயர் பட்டியலில் இல்லை. பணியில் குறை ஏதுமில்லை. ஏட்டில் எழுதியதுதான் குறை.

வேலை போனதைவிட அவரை வாட்டியது வேறொன்று. யாருடைய பிள்ளைகளுக்காக எழுதினாரோ அந்தப் பெற்றோரே, இப்படி எழுதினால் வேலை போகும் என்பது தெரியாதா என்று அவரைத்தான் குறை கூறினர். தன் மக்கள் தன் பின்னால் அணிவகுப்பர் என்று நம்பியிருந்த 29 வயதுப் பெண்ணுக்கு அது முதல் பாடம். நூலில் இந்தப் பகுதியை அவர் கண்ணீர் வடித்து எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறார், ஏமாற்றத்தைச் சொல்கிறார், அடுத்த வேலைக்குப் போகிறார். அரசியல் எழுத்தைத் தொழிலாகக் கொள்வோர் அனைவரும் ஒரு நாள் சந்திக்கும் தனிமை இது. மக்களுக்காக எழுதுவது ஒன்று. மக்கள் உடனே கைதட்டுவது வேறொன்று.

வேலை இழந்தவர் ஏட்டை முழுநேரத் தொழிலாக்கிக் கொண்டார். மிசிசிப்பி, ஆர்கன்சா, டென்னசி என்று ஊர் ஊராகச் சென்று சந்தா திரட்டினார். ஓரிடத்தில் ஒரு சங்கத்தின் மாநாட்டுக்குள் நுழைந்து பேசி, வெள்ளி நாணயங்களின் சுமையோடு வெளிவந்து நேரே வங்கிக்குப் போனதைச் சொல்லும்போது அவர் நடையில் ஒரு மிடுக்கு! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ‘பிரீ ஸ்பீச்’ கேட்டால், வேறு ஏட்டைக் கொடுத்து ஏமாற்றினார்கள் விற்பனையாளர்கள். உடனே ஏட்டை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடச் செய்தார்; நிறத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம் அல்லவா? ஒன்பதே மாதத்தில் ஆசிரியச் சம்பளத்துக்கு ஏறத்தாழ இணையான வருவாய் கிடைத்தது. கூலியைப் பற்றி வெட்கமின்றிப் பேசும் இந்தப் பக்கங்கள் நூலின் மிகச் சிறந்த பக்கங்கள். கொள்கையாளர் எழுதும் தன்வரலாறுகளில் சிறைக்கணக்கு இருக்கும். வரவு செலவுக் கணக்கு இருப்பதில்லை. ஐடா அதைக் கொடுக்கிறார். பள்ளிக் குழு ஒரே தீர்மானத்தில் அவரை நீக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான சந்தாதாரர் ஒரே நாளில் கூடி அவரை நீக்க முடியாது. விடுதலை என்ற சொல்லுக்கு அந்தக் கணக்கில் ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது.

வாசகர் கொடுக்கும் கூலியிலும் விலங்கு உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. பாதிரியார் ஒருவரின் ஒழுக்கக்கேட்டை ஏடு வெளியிட்டபோது, பாதிரிமார் சங்கம் ஏட்டைப் புறக்கணிக்கச் செய்வதாக மிரட்டியது. ஐடா என்ன செய்தார்? சங்கத்திலிருந்த பாதிரிமார் அனைவரின் பெயரையும் அச்சிட்டு, இவர்கள் அந்தச் செயலுக்கு உடந்தை, இவர்களையா வீட்டுக்குள் விடுகிறீர்கள் என்று மக்களைக் கேட்டார். மிரட்டல் அடங்கிற்று! அவர் நாத்திகரல்லர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குச் சென்றவர். பக்திக்கும் பாதிரிக்கும் இடையே அவர் போட்ட கோட்டை நாம் இன்னும் சற்றுத் தள்ளிப் போடுவோம். எனினும் தன் சொந்தக் கூட்டத்தாரை, தனக்குச் சந்தா கொடுப்போரை, பெயர் சொல்லிக் கண்டிக்கும் துணிவை அவரிடமிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

மூவர் கொலையும் ஒரு தலையங்கமும்

1892 மார்ச் 9. மெம்பிஸ் நகரின் ஓரத்தில் மக்கள் மளிகைக் கடை நடத்திவந்த தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. அவர்கள் செய்த குற்றம் என்ன? வெள்ளையன் கடைக்கு எதிரே நாணயமாக வணிகம் செய்த குற்றம்! தாமஸ் மாஸ் ஐடாவின் நெருங்கிய நண்பர். மாஸின் மகளுக்கு ஞானத்தாய் ஐடா.

இவ்விடத்தில் சாதாரண எழுத்தாளர் ஒப்பாரி வைத்திருப்பார். ஐடாவின் ஏடு, இந்த நகரில் நமக்கு நீதியில்லை, வெளியேறுங்கள் என்று எழுதியது. குடும்பம் குடும்பமாக மக்கள் மேற்கே ஓக்லஹோமாவுக்குப் புறப்பட்டனர். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினர். ஆறு வாரம் கழித்து டிராம் கம்பெனி அதிகாரிகள் இருவர் ‘பிரீ ஸ்பீச்’ அலுவலகத்துக்கே வந்து, கறுப்பர்கள் ஏன் வண்டி ஏறுவதில்லை என்று கேட்டனர்! ஐடா அந்த உரையாடலை அப்படியே ஏட்டில் வெளியிட்டார். ஏடு வெளிவருமுன்னரே இரண்டு பெரிய கோயில்களுக்குச் சென்று, தொடர்ந்து ஏறாதீர்கள் என்று நேரில் பேசினார். ஓக்லஹோமா வாழத் தகாத இடம் என்று வெள்ளையர் ஏடுகள் பயங்காட்டின. அவர் தாமே அங்கு சென்று மூன்று வாரம் சுற்றிப் பார்த்து உண்மையை எழுதினார். எழுத்து மக்களின் கால்களை நடக்க வைத்தது. நடந்த கால்கள் கம்பெனியின் கல்லாவைக் காலி செய்தன. பரப்புரை எதற்காக என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

மே 21 இதழில் அந்தத் தலையங்கம் வந்தது. கறுப்பர்களைக் கொல்வதற்குக் கற்பழிப்பைக் காரணம் காட்டுவது பழைய பொய், அதை எவரும் நம்பவில்லை என்று சில வரிகளில் சொன்னார். எழுதியவர் ஆண் என்றே எண்ணிக்கொண்ட வெள்ளையர் ஏடுகள், அவனைக் கட்டிவைத்துச் சூடு போட வேண்டும் என்று கொக்கரித்தன. பெண்ணுக்கு இவ்வளவு நெஞ்சுரம் இருக்கும் என்று அவர்கள் கனவிலும் கருதவில்லை. மே 27 அன்று ‘பிரீ ஸ்பீச்’ அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. பங்காளி பிளெமிங் உயிர் தப்பி ஓடினார். ஐடா அப்போது வடக்கே பயணம் போயிருந்ததால் பிழைத்தார். மெம்பிசுக்குத் திரும்பினால் சாவு என்ற செய்தி அவரை எட்டியது.

ஏடு நடத்தி அடக்குமுறையைச் சந்தித்த வரலாறு நமக்குப் புதிதன்று. ‘குடி அரசு’ தலையங்கத்துக்காகப் பெரியாரும், ஏட்டின் வெளியீட்டாளராயிருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் 1933ஆம் ஆண்டின் இறுதியில் கைதாகிச் சிறை புகுந்ததை அறிந்தவர்கள் நாம். ஆனால் ஐடாவின் கதையில் இன்னொரு செய்தி இருக்கிறது. அச்சகம் போயிற்று, சந்தாதாரர் பட்டியல் போகவில்லை. அது பிறகு அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பட்டியலைக் கொடுத்துத்தான் ‘நியூயார்க் ஏஜ்’ என்னும் ஏட்டில் நான்கில் ஒரு பங்கைப் பெற்றார். அகதியாக வந்தவர் அடைக்கலம் கேட்கவில்லை, பங்காளியாக அமர்ந்தார்! 1892 ஜூன் 25 இதழில் ஏழு பத்திகளில் பெயர், நாள், ஊர் சகிதம் கும்பற்கொலைகளின் கதையை வெளியிட்டார். 10,000 படிகள் அச்சாயின. மெம்பிசுக்குள்ளேயே ஆயிரம் படிகள் போய்ச் சேர்ந்தன என்கிறார்.

மாற்றான் ஏட்டிலிருந்தே சான்று

ஐடாவின் எழுத்துக்கு வலிமை எங்கிருந்து வந்தது? சீற்றத்திலிருந்து என்பார் சிலர். சீற்றம் அந்நாளில் எல்லாக் கறுப்பின ஏடுகளிலும் இருந்தது. ஐடாவிடம் கூடுதலாக இருந்தது கணக்கு.

கொலையுண்டோர் எண்ணிக்கையை அவர் தம் நண்பர்களிடம் கேட்டு எழுதவில்லை. வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிபியூன்’ ஏடு ஆண்டுதோறும் தொகுத்த பட்டியலை எடுத்தார். எட்டாண்டுகளில் 728 கறுப்பர்கள் கும்பலால் கொல்லப்பட்டனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்மீது மட்டுமே கற்பழிப்புக் குற்றமாவது சாட்டப்பட்டிருந்தது என்று 1892இல் வெளியிட்ட ‘சதர்ன் ஹாரர்ஸ்’ என்ற சிறு நூலில் காட்டினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்றுகூட இல்லை, சாட்டப்பட்டதே அவ்வளவுதான்! 1895இல் வந்த ‘ரெட் ரெக்கார்ட்’ அதே முறையில் மேலும் விரிந்தது. உன் ஏடு, உன் எண்ணிக்கை, உன் சொல். இதை நீயே மறுப்பாயா? இந்த வழக்காடலுக்கு மாற்றாரிடம் விடையில்லை.

எண்ணிக்கையோடும் நிற்கவில்லை. மிசிசிப்பியின் டுனிகாவில், ஏழு வயதுச் சிறுமியைக் கெடுத்தவன் என்று ஒருவனைக் கும்பல் கொன்றதாகச் செய்தி வந்தது. ஐடா அங்கே போனார். விசாரித்தார். சிறுமியென்று சொல்லப்பட்டவள் 17 வயதைக் கடந்தவள். தன் விருப்பத்தோடு அவனுடைய குடிசைக்கு வந்தவள். கும்பலுக்குத் தலைமை தாங்கியவன் அவள் தகப்பன். அறையில் அமர்ந்து எழுதியிருந்தால் ஐடாவும் அந்த ஏழு வயதை நம்பியிருப்பார். போய்ப் பார்த்ததால் பொய் பொடிப்பொடியாயிற்று.

இது நூற்றாண்டுக்கு முந்தைய அயல்நாட்டுக் கதைதானே என்று தள்ளிவிட முடியுமா? 2018 மே மாதத்தில், நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் செல்ல வந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்ட கூட்டத்தால் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். கைப்பேசி வழியே பரவிய வதந்திதான் அந்தக் கூட்டத்தின் கையிலிருந்த தடி. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்தில் நாடோடி வகுப்பைச் சேர்ந்த ஐவர் இவ்வாறே மாண்டனர். மெம்பிசில் பொய்யை ஏற்றிச் செல்ல அச்சு இயந்திரமும் ஒரு வாரமும் வேண்டியிருந்தன. இன்று விரல் நுனியும் ஒரு நொடியும் போதும். ஆகவே இணையத்தில் எழுதக் கூலி வாங்குவோர் கையில் இருப்பது விளையாட்டுப் பொருளன்று.

கொடுத்தவர் கேட்ட விலை

1893இல் ஐடாவை இங்கிலாந்துக்கு அழைத்தவர்கள் காதரின் இம்பீ, இசபெல்லா மேயோ என்னும் இரு மாதர்கள். 1888 முதல் இம்பீ நடத்திவந்த ஏட்டின் பெயர் ‘ஆண்டி காஸ்ட்’. சாதி எதிர்ப்பு என்று பொருள்! நிறவெறியைச் சாதி என்றே அழைத்து ஆங்கில நாட்டில் ஓர் ஏடு நடந்தது என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி.

பயணத்தின் நடுவே ஒரு சிக்கல். மேயோ வீட்டில் தங்கியிருந்த, இலங்கையிலிருந்து வந்த இளைஞர் ஒருவருக்கு இம்பீ காதல் மடல் எழுதிவிட்டார். மேயோ வெகுண்டார். இம்பீயைப் பழித்து ஒதுக்கிவிட்டு என்னோடு வா, இல்லையேல் என் ஆதரவு இல்லை என்று ஐடாவிடம் கூறினார். பணம் கொடுத்துப் பயணம் நடத்திவைத்தவர் மேயோ. கடல் கடந்த நாட்டில் கையில் காசற்ற நிலை. இரவெல்லாம் உறங்காது எண்ணிப் பார்த்தார் ஐடா. ஒருவரிடம் உள்ளத்தைத் திறந்து காட்டியது குற்றமாகாது, அதற்காக ஒரு நல்ல தோழியைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று முடிவெடுத்தார். மேயோவின் உதவி அன்றோடு அற்றது. என் மதிப்பீட்டில், மெம்பிஸ் தலையங்கத்துக்கு அடுத்தபடியாக இந்நூலின் உயர்ந்த இடம் இதுவே. பகைவனின் மிரட்டலை எதிர்ப்பதில் புகழ் உண்டு. உதவி செய்தவரின் தவறான கட்டளையை மறுப்பதில் புகழ் ஏதுமில்லை, இழப்பு மட்டுமே உண்டு. அரசியல் அமைப்புகளில் சம்பளம் வாங்குவோர்க்கு அன்றாடம் வரும் சோதனை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

1895இல் வழக்கறிஞர் பெர்டினாண்டு பார்னெட்டை மணந்தார். பெண் விடுதலைக்குப் பாடுபட்ட சூசன் அந்தோணியே, திருமணத்தால் உன் தொண்டு பாழாயிற்று, கவனம் இரண்டாகப் பிளந்தது என்று அவரைக் கடிந்துகொண்டாராம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே கூட்டங்களுக்குச் சென்றவரிடம் சொல்லப்பட்ட சொல் இது! ஆணைப் பார்த்து எவரும் இப்படிக் கேட்டதுண்டா? 1909இல் இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ நகரில் கும்பற்கொலை நடந்தது. போய் விசாரிக்கும்படி கணவர் சொன்னார். ஓய்ந்துபோயிருந்த ஐடா மறுத்துப் படுத்துவிட்டார். அம்மா போகாவிட்டால் வேறு எவரும் போகமாட்டார்கள் என்று மூத்த மகன் வந்து எழுப்பினான். போனார், சான்று திரட்டினார், கடமை தவறிய ஷெரீப் மீண்டும் பதவியில் அமராதபடி ஆளுநர் முன் வாதாடி வென்றார். முழுநேரத் தொண்டு என்பது ஒருத்தியின் நேரம் மட்டுமன்று. ஒரு குடும்பமே பங்கிட்டுக்கொண்ட நேரம் என்பதை இந்த நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நூலின் குறைகள்

குறைகளும் உண்டு. பின்பாதி நூல் சற்றே சலிப்பூட்டுகிறது. எந்தச் சங்கத்தில் யார் தம்மை ஒதுக்கினார், எந்தக் குழுவில் தம் பெயர் விடுபட்டது என்று பக்கம் பக்கமாக அடுக்குகிறார். அவற்றில் பல நியாயமான மனக்குறைகளே. ஆனால் முன்பாதியில் கொலைகாரருக்கு எதிராக வைத்த சான்றுமுறையை, பின்பாதியில் தோழர்களைப் பற்றிப் பேசும்போது அவர் கைவிடுகிறார். அங்கே எதிர்த்தரப்பின் சொல் நமக்குக் கேட்பதேயில்லை. ஏட்டோடு வாழ்வையும் இழந்த பங்காளி பிளெமிங்குக்குச் சில வரிகள்தாம். அந்த மனிதரின் துயரம் இன்னும் கொஞ்சம் இடம் பெற்றிருக்கலாம். நினைவிலிருந்து எழுதியதால் நாள் கணக்கும் ஆங்காங்கே தடுமாறுகிறது.

இன்னொரு குறை நுட்பமானது. 1885 முதல் 1887 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு 1995இல் நூலாக வந்தது. அதிலே ஓர் இளம் ஆசிரியையைக் காண்கிறோம். கடன் வாங்குகிறாள், உடைக்குச் செலவிட்டுவிட்டு வருந்துகிறாள், எழுத்தில் வெல்வோமா என்று ஐயுறுகிறாள். தன்வரலாற்று நாயகியிடம் அந்த ஐயம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. கருங்கல் சிலையாகத் தம்மைச் செதுக்கிக்கொள்கிறார். முதல் வேலையில் சேரும் இளைஞனுக்குச் சிலையைவிட அந்த ஆசிரியையே நெருக்கமானவள். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கே முழு ஐடா கிடைப்பார்.

நமக்கு என்ன?

என்னோடு கல்லூரியில் பயின்றோர் சிலர் இன்று அரசியல் இணைய ஏடுகளில் முழுநேரப் பணியில் இருக்கின்றனர். அவர்களைக் காசுக்கு எழுதுவோர் என்று இகழ நான் ஒப்பேன். ஆனால் ஐடாவின் நூலை அவர்கள் மேசைமீது வைத்து, மூன்று கேள்விகளையும் மறுபடி கேட்பேன்.

யாரிடம் வாங்குகிறாய்? இணையத்தில் கூலி கொடுப்பவன் முகம் தெரிவதில்லை. விளம்பரம் காட்டி, பார்வைகளை எண்ணி, பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிறுவனம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. உன் எழுத்து யார் கண்ணில் பட வேண்டும் என்பதை அதன் கணக்குப்பொறி முடிவு செய்கிறது. மெம்பிசில் ஏட்டை ஒழிக்க ஒரு கும்பல் திரண்டு வர வேண்டியிருந்தது. இங்கே உன் கணக்கை முடக்க ஒரு பொத்தான் போதும். இலட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்கிறாய். அந்தப் பட்டியல் உன் கையில் இருக்கிறதா, நிறுவனத்தின் கையிலா? ஐடாவை நியூயார்க்கில் பங்காளியாக அமர்த்தியது அவர் கையிலிருந்த பட்டியல். வாசகரை நேரில் அறி. அவர் தரும் சிறு சந்தாவைப் பெரிதென மதி.

எதைச் சொல்ல முடியாமற் போகிறது? சேர்ந்த நாளன்று பேசத் துணிந்தவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி வை. ஆண்டு முடிவில் எடுத்துப் பார். எவையெவை வாயிலிருந்து நழுவிப் போயினவோ, அவைதாம் நீ கொடுத்த விலை. பாதிரிமார் சங்கத்தின் பெயர்ப்பட்டியலை அச்சிட்ட கையை நினைத்துக்கொள். நம் அணியிலும் சாதி பார்ப்பவன் உண்டு, வீட்டில் பெண்ணை அடக்குபவன் உண்டு. அவனைப் பற்றி எழுத முடிகிறதா?

சான்று எங்கே? மாற்றான்மீது வந்த அவதூறு என்பதால் சரிபார்க்காமல் பரப்புகிறவன், நாளை தன்மீது வரும் அவதூறைப் பற்றிப் புலம்ப உரிமையற்றவன். போய்ப் பார், கேட்டு எழுது, மாற்றான் ஏட்டிலிருந்தே எண்ணிக்கையை எடு. பகுத்தறிவு என்று நாம் சொல்வது கடவுள் மறுப்போடு முடிவதில்லை. கைக்கு வந்த செய்தியைக் கேள்வி கேட்காமல் விழுங்க மறுப்பதும் அதுவே.

ஐடா தொடங்கிய போருக்குச் சட்டம் தலைவணங்க 130 ஆண்டுகள் ஆயின. கும்பற்கொலையை அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச்சில்தான் கையொப்பமானது. புலிட்சர் குழு அவர் எழுத்துக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது 2020இல். இரண்டையும் அவர் காணவில்லை. மெம்பிசில் வெள்ளி நாணயம் எண்ணி ஏடு நடத்திய நாளில் அவர் கண்டதெல்லாம் அடுத்த வாரத்து இதழ் ஒன்றுதான். அதைப் பிழையின்றி, அஞ்சாமல், சான்றோடு கொண்டுவந்தார்.

இளைஞனே, உன் சம்பளத்தைத் தலைநிமிர்ந்து வாங்கு. வாங்கிய மறுநாள் எழுதும் முதல் வரியில், அதைக் கொடுத்தவர்க்கும் கசக்கும் உண்மை ஒன்றிருந்தால், அந்த வரியை எடுத்துவிடாதே!